பன்னாட்டுச் சட்ட நிறுவனத்தில் வழக்கறிஞர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னாட்டுச் சட்ட நிறுவனம் என்றால் பல நாடுகளில் கிளை உள்ள நிறுவனம், அவ்வளவுதானா?

வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவுதான். உள்ளே இரண்டு வகை அமைப்பு உண்டு. ஒன்றில் எல்லாக் கிளைகளும் ஒரே பார்ட்னர்ஷிப்; லாபம் ஒரே கணக்கில் சேர்ந்து பிரிக்கப்படும். இன்னொன்று சுவிஸ் சட்டப்படி அமையும் ‘ஃபெரைன்’. பெயர்ப்பலகை ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு நாட்டு நிறுவனமும் சட்டத்தின் பார்வையில் தனி. லாபமும் கடன் பொறுப்பும் தனித்தனி. வேலையில் சேர்பவர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. வேறு நாட்டுக் கிளைக்கு மாற்றல் கிடைப்பது எளிதா, ஒரு கிளையின் பார்ட்னர் இன்னொரு கிளைக்கு மனமுவந்து வேலை தருவாரா என்பதெல்லாம் லாபம் எப்படிப் பிரிகிறது என்பதைப் பொறுத்தவை.

எல்லா நாட்டிலும் நினைத்தபடி கடை விரிக்க முடியாது. சீனாவில் வெளிநாட்டு நிறுவனம் பிரதிநிதி அலுவலகம் வைக்கலாம். சீனச் சட்டத்தின் மீது கருத்துச் சொல்ல முடியாது. சிங்கப்பூர் 2008 முதல் குறிப்பிட்ட சில வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சில துறைகளில் உள்நாட்டுச் சட்ட வேலையும் செய்ய உரிமம் தருகிறது. இந்தியாவில் வெளிநாட்டு வழக்கறிஞர்கள் தொழில் செய்ய முடியாது, எப்போதாவது வந்து தங்கள் நாட்டுச் சட்டம் குறித்து ஆலோசனை சொல்லிச் செல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. அதன்பின் பார் கவுன்சில் கொண்டுவந்த விதிகள், பதிவு செய்துகொண்டு நீதிமன்றம் சாராத வேலைகளைச் செய்ய வழி திறந்திருக்கின்றன. கிளை இல்லாத நாட்டில் அந்த ஊர் நிறுவனத்தை அமர்த்திக்கொள்வார்கள். ‘லோக்கல் கவுன்சல்’ என்ற சொல் தினமும் காதில் விழும்.

எத்தனை பிரிவுகள் இருக்கும்?

வலைதளத்தில் முப்பது நாற்பது பெயர்கள் இருக்கும். உண்மையில் மூன்று கூட்டம்தான்: டீல் செய்பவர்கள், தகராறைக் கையாள்பவர்கள், இந்த இருவருக்கும் ஆலோசனை சொல்லும் சிறப்புத் துறையினர். எரிசக்தி, மருத்துவம், விளையாட்டு என்று போட்டிருப்பவை பெரும்பாலும் துறைக் குழுக்கள். அதாவது இந்த மூன்று கூட்டத்திலிருந்தும் ஆட்களை எடுத்து, ஒரே வகை கிளையண்டுகளுக்காகச் சேர்த்து வைத்த பட்டியல்.

பிரிவை அதன் பெயரைக் கொண்டு எடை போடாதீர்கள். மேசைக்கு வரும் தாள் எது, கெடு யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். ‘சர்வதேச ஆர்பிட்ரேஷன்’ (நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர்கள் தீர்க்கும் தகராறு வேலை) என்ற பெயரில் இருக்கும் கவர்ச்சி, நான்காயிரம் மின்னஞ்சல்களைப் படித்துத் தரம் பிரிக்கும் மூன்றாவது வாரத்தில் இருக்காது. ‘நிதிப் பிரிவு’ என்று உலர்ந்து ஒலிப்பது சிலருக்கு மிகப் பிடித்துப்போகும்.

நிறுவனங்களை வாங்கும் விற்கும் பிரிவில் இளைய வழக்கறிஞர் என்ன செய்வார்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலான நிறுவனங்களில் பெரிய பிரிவும் இதுதான். ஒரு டீல் பொதுவாக இந்த வரிசையில் போகும். ரகசிய ஒப்பந்தம் கையெழுத்தாகும். விலையும் முக்கிய நிபந்தனைகளும் இரண்டு மூன்று பக்கக் குறிப்பில் ஒப்புக்கொள்ளப்படும். விற்பவர் தன் ஆவணங்களை இணைய ‘டேட்டா ரூமில்’ ஏற்றுவார். வாங்குபவரின் வழக்கறிஞர்கள் அவற்றைப் படித்து ‘டியூ டிலிஜென்ஸ்’ அறிக்கை எழுதுவார்கள். கூடவே பங்கு வாங்கும் ஒப்பந்தத்தின் வரைவு இரு பக்கமும் போய்வரும். கையெழுத்தான பிறகு அரசு அனுமதிகளுக்காகக் காத்திருப்பார்கள். அவை வந்ததும் பணமும் பங்கும் கைமாறும் நாள், க்ளோசிங்.

இளையவர் கையில் வருவது டேட்டா ரூம், விற்பவர் தெரிந்த சிக்கல்களை முன்கூட்டியே சொல்லும் வெளிப்படுத்தல் கடிதத்தின் இணைப்புகள், இயக்குநர் குழுத் தீர்மானங்கள், க்ளோசிங் பட்டியல். டேட்டா ரூமில் தேட வேண்டியது இன்னதென்று தெரிந்தால் வேலை பாதியாகும். உரிமையாளர் மாறினால் மறுதரப்பு ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்ற ஷரத்து, ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றத் தடை, தொழில் போட்டித் தடை, தனி உரிமை வாக்குறுதி, வரம்பில்லாத இழப்பீட்டு உறுதி ஆகியவற்றை முதலில் பாருங்கள். கையெழுத்து இல்லாத பிரதி, ‘இணைப்பு 3-ஐப் பார்க்க’ என்று சொல்லிவிட்டு இணைப்பு 3 இல்லாத ஒப்பந்தம், காலாவதியாகியும் இரு தரப்பும் அதன்படியே நடந்துகொண்டிருக்கும் ஒப்பந்தம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். அறிக்கையில் ‘இந்த ஒப்பந்தத்தில் உரிமை மாற்ற ஷரத்து உள்ளது’ என்று எழுதி நிறுத்துவது புதியவர்களின் வழக்கம். அது கிளையண்டுக்கு எதற்கும் உதவாது. ஆண்டு வருவாயில் எவ்வளவு அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது, மறுதரப்பின் ஒப்புதலைக் கையெழுத்துக்கு முன் கேட்பதா பின் கேட்பதா, கிடைக்காவிட்டால் விலையைக் குறைப்பதா என்பது வரை எழுதினால்தான் அறிக்கை.

இதில் எங்கே தவறு நடக்கும்?

பெரும்பாலும் சட்டத்தில் அல்ல, தாளில். கடைசி இரவில் ஐந்து வரைவுகள் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருவர் பழைய வரைவில் திருத்தம் போட்டு அனுப்பியிருப்பார். எதிர்த்தரப்பு அனுப்பிய வரைவில் திருத்தங்கள் குறிக்கப்பட்டிருந்தாலும் அதை நம்பாமல், நீங்கள் கடைசியாக அனுப்பிய பிரதியோடு நீங்களே ஒப்பீடு ஓட்டிப் பாருங்கள்.

கையெழுத்துப் பக்கங்கள் இன்னொரு பொறி. முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, ஆவணம் முடிந்ததும் அந்தப் பக்கத்தைச் சொருகுவது பரவலான பழக்கமாக இருந்தது. இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2008-ல் மெர்க்குரி டாக்ஸ் வழக்கில், பழைய வரைவில் போட்ட கையெழுத்தை மாறிய ஆவணத்தோடு சேர்த்ததை ஏற்க மறுத்தது. அதற்குப் பிறகு வந்த நடைமுறை: முடிந்த ஆவணம் முழுவதையும் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். கையெழுத்திடுபவர் தன் பக்கத்தையும் முழு ஆவணத்தையும் ஒரே மின்னஞ்சலில் திருப்பி அனுப்ப வேண்டும். பத்திரம் என்ற வகை ஆவணங்களுக்கு இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. கையெழுத்திடுபவர் விமானத்தில் இருப்பார், அதிகாரப் பத்திரம் நோட்டரி முன்னிலையில் ஆகியிருக்காது, வங்கியின் பணப் பரிமாற்ற நேரம் முடிந்திருக்கும். க்ளோசிங் தள்ளிப்போவதற்குக் காரணம் கேட்டால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள்.

வங்கி, நிதிப் பிரிவு இதிலிருந்து எப்படி வேறு?

அங்கே ஆவணங்கள் அச்சில் வார்த்தவை போல இருக்கும். லண்டனின் கடன் சந்தைச் சங்கம் 1996-ல் தொடங்கியது. அதன் மாதிரிப் படிவங்கள்தான் ஐரோப்பா, ஆசியா முழுவதும் கூட்டுக் கடன் ஒப்பந்தங்களின் அடித்தளம். டெரிவேட்டிவ் (வட்டி, நாணயம், பங்கு போன்றவற்றின் விலையைச் சார்ந்த ஒப்பந்தங்கள்) வேலை என்றால் அத்துறையின் சர்வதேசச் சங்கமான இஸ்டாவின் 1992, 2002 மாதிரி ஒப்பந்தங்கள். வாய்ச்சண்டை குறைவு, துல்லியம் அதிகம். ஒரு வரையறையில் ஒரு சொல் மாறினால் எழுபதாவது பக்கத்தின் நிதி வரம்பு நிபந்தனை குலைந்துபோகும்.

இளையவரின் ராஜ்ஜியம் முன்நிபந்தனைப் பட்டியல். கடன் வாங்குபவரின் தீர்மானம், கையொப்ப மாதிரி, காப்பீட்டுச் சான்று, சட்டக் கருத்துரை என்று அறுபது எண்பது வரிகள் இருக்கும். எல்லாம் ‘வடிவிலும் பொருளிலும் திருப்தி’ என்றான பிறகுதான் பணம் வெளியேறும். பணம் போனதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது பிணைப் பதிவில். இங்கிலாந்து நிறுவனம் தன் சொத்தின் மீது பிணை கொடுத்தால் 21 நாட்களுக்குள் நிறுவனப் பதிவகத்தில் பதிய வேண்டும். தவறினால், நிறுவனம் நொடித்துப்போகும்போது கலைப்பு அதிகாரிக்கும் மற்ற கடன்காரர்களுக்கும் எதிராக அந்தப் பிணை செல்லாது. வங்கிக்கு வழக்கறிஞரே நஷ்ட ஈடு தர வேண்டிய நிலை வரும். அதனால் நாட்காட்டியில் இருபத்தோராம் நாளைக் குறிக்காதீர்கள், ஐந்தாம் நாளைக் குறியுங்கள்.

மூலதனச் சந்தைப் பிரிவு?

பங்கு, கடன் பத்திர வெளியீடுகள். தகவல் ஆவணத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரம் தேடி இடும் சரிபார்ப்பு வேலைதான் முதல் இரண்டு வருடம். ‘சந்தையில் முன்னணி நிறுவனம்’ என்று எழுதியிருந்தால், யார் சொன்னது, எந்த ஆண்டுக் கணக்கு என்று கேட்பது உங்கள் பொறுப்பு. அமெரிக்க முதலீட்டாளர்களுக்கு விற்றால் விதி 144ஏ, வெளியே விற்றால் ஒழுங்குமுறை எஸ் என்ற இரண்டு அமெரிக்கச் சட்டப் பாதைகளையும் சேர்த்தே அமைப்பார்கள். கெடுவை வகுப்பது பெரும்பாலும் தணிக்கையாளர். கடைசியாகத் தணிக்கை அல்லது மறுஆய்வு செய்த கணக்குத் தேதியிலிருந்து 135 நாட்கள் ஆகிவிட்டால், ‘அதன்பின் பாதகமான மாற்றம் கண்ணில் படவில்லை’ என்ற வழக்கமான உறுதியை, வெளியீட்டை நடத்தும் வங்கிகளுக்குத் தரும் கடிதத்தில் தர மாட்டார். வெளியீட்டு நாட்காட்டியை அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் போடுவார்கள்.

போட்டிச் சட்ட வழக்கறிஞர்களுக்கு டீலில் என்ன வேலை?

எந்தெந்த நாட்டில் அறிவிக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பது முதல் வேலை. ஒரே டீலுக்குப் பன்னிரண்டு நாட்டு அனுமதி தேவைப்படுவது உண்டு. ஒவ்வொரு நாட்டிலும் விற்றுமுதல் வரம்பு வேறு, கணக்கிடும் முறை வேறு. ஐரோப்பிய ஆணையத்தின் முதல் கட்டம் 25 வேலை நாட்கள், ஆழ்ந்த விசாரணை என்றால் மேலும் 90 வேலை நாட்கள், இரண்டும் நீளக்கூடியவை. அதிகாரபூர்வ கடிகாரம் ஓடுவதற்கு முன்பே வரைவை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பேச்சு நடக்கும் என்பதைக் கிளையண்டிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 1976-ன் ஹார்ட்-ஸ்காட்-ரோடினோ சட்டப்படி பொதுவாக 30 நாள் காத்திருப்பு.

அனுமதிக்கு முன்பே வாங்குபவர் முதலாளிபோல நடந்துகொண்டால் அபராதம். போர்ச்சுகல் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றை வாங்கிய ஆல்டிஸ் மீது ஐரோப்பிய ஆணையம் 2018-ல் 12.45 கோடி யூரோ அபராதம் போட்டது. பின்னர் நீதிமன்றங்கள் தொகையைச் சற்றே குறைத்தன. விலைப்பட்டியலைப் பகிர்ந்துகொள்வது, முக்கிய ஒப்பந்தங்களில் வாங்குபவரின் சம்மதம் கேட்பது என்று வியாபாரிகளுக்கு இயல்பாகத் தோன்றும் காரியங்கள்தான் இங்கே குற்றமாகும்.

சர்வதேச ஆர்பிட்ரேஷன் என்பது நீதிமன்ற வேலைதானே?

இல்லை. இரு நாட்டு வியாபாரிகள், ஒருவர் நாட்டு நீதிமன்றத்துக்கு மற்றவர் போக விரும்பாமல், தாங்களே தேர்ந்தெடுக்கும் நடுவர்களிடம் போவது. பெரிய வழக்கில் மூன்று நடுவர்கள். பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச வணிகச் சபையின் (ஐசிசி) நடுவர் நீதிமன்றம் 1923-லிருந்து இயங்குகிறது. லண்டன், சிங்கப்பூர், ஹாங்காங் மையங்களும் பெரியவை. முதலீட்டாளர் ஒருவர் ஓர் அரசையே எதிர்த்து வழக்குப் போடும் தளம் வாஷிங்டனில் உள்ள, உலக வங்கிக் குழுமத்தின் இக்சிட் மையம். இவை எல்லாவற்றுக்கும் உயிர் கொடுப்பது 1958-ன் நியூயார்க் உடன்படிக்கை. 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருப்பதால், ஒரு நாட்டில் வந்த நடுவர் தீர்ப்பை மற்றொரு நாட்டில் நிறைவேற்றலாம். மறுப்பதற்குரிய காரணங்கள் ஐந்தாம் பிரிவில் எண்ணி வைத்த சில மட்டுமே. நீதிமன்றத் தீர்ப்புக்கு இவ்வளவு பரந்த கடவுச்சீட்டு கிடையாது.

வேலை எப்படி நகரும்? நோட்டீஸ், பதில், நடுவர் நியமனம், முதல் நடைமுறை உத்தரவு, கோரிக்கை அறிக்கை, எதிர் அறிக்கை, ஆவணம் கேட்டல், சாட்சி அறிக்கைகள், நிபுணர் அறிக்கைகள், ஒன்று அல்லது இரண்டு வார விசாரணை, தீர்ப்பு. இரண்டு வருடம் ஆவது சாதாரணம். இளையவர் அதிகம் வாழ்வது ஆவணம் கேட்கும் கட்டத்தில். ரெட்ஃபர்ன் அட்டவணை என்ற பட்டியலில் கோரிக்கை ஒரு நெடுவரிசை, அதன் அவசியம் ஒரு நெடுவரிசை, எதிர்ப்பு ஒரு நெடுவரிசை, நடுவரின் முடிவு ஒரு நெடுவரிசை. ‘திட்டம் தொடர்பான அனைத்து ஆவணங்களும்’ என்று கேட்டால் நடுவர் நிராகரிப்பார். யார் யாருக்கு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தப் பொருளில், வழக்கின் எந்தக் கேள்விக்கு அது முக்கியம் என்று சுருக்கிக் கேட்டால் கிடைக்கும்.

பல தகராறுகள் டீல் செய்தவர்கள் நள்ளிரவில் அவசரமாக ஒட்டிய ஆர்பிட்ரேஷன் ஷரத்திலேயே தொடங்கிவிடுகின்றன. இல்லாத நிறுவனத்தின் பெயர் போட்டிருக்கும். அல்லது ஒரே ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் ஆர்பிட்ரேஷன், இன்னொரு பக்கம் நீதிமன்றம் என்றிருக்கும். ஆர்பிட்ரேஷனின் இருக்கை எந்த ஊர் என்றே எழுதாமல் விட்டிருப்பார்கள். இருக்கை என்பது கூட்டம் நடக்கும் அறை அல்ல. எந்த நாட்டு நீதிமன்றம் அந்த நடைமுறையைக் கண்காணிக்கும், தீர்ப்பை ரத்துசெய்யும் அதிகாரம் யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது அதுதான். மையத்தின் மாதிரி ஷரத்தை எடுத்து, நடுவர் எண்ணிக்கை, இருக்கை, மொழி மூன்றையும் நிரப்பினால் போதும். புத்திசாலித்தனம் காட்ட இது இடமல்ல.

அப்படியானால் யாருமே நீதிமன்றத்தில் வாதாடுவதில்லையா?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்கக் கிளையில் தகராறுப் பிரிவினரே நீதிமன்றம் போவார்கள். இங்கிலாந்தில் வழக்கைத் தயாரிப்பவர் சொலிசிட்டர், உயர் நீதிமன்றங்களில் வாதாடுபவர் பெரும்பாலும் பாரிஸ்டர். தினமும் கோட்டு மாட்டிக்கொண்டு வாதாட வேண்டும் என்பதுதான் ஆசையென்றால் பன்னாட்டு நிறுவனம் உங்களுக்கு ஏமாற்றமாகவே இருக்கும்.

சிறப்புத் துறைகளில் எவை வளர்கின்றன?

வரி, வேலைவாய்ப்பு, சொத்து, அறிவுசார் சொத்துரிமை எல்லாம் பழைய தூண்கள். கூட்டம் பெருகியிருப்பது தரவுப் பாதுகாப்பிலும் பொருளாதாரத் தடைகளிலும். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதியின்படி, தரவு கசிந்தது தெரிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டும். அதனால் இந்தப் பிரிவுக்கு வெள்ளிக்கிழமை மாலை அழைப்புகள் பழக்கமானவை. கடுமையான மீறலுக்கு அபராதம் 2 கோடி யூரோ அல்லது உலக விற்றுமுதலில் 4 சதவீதம், எது அதிகமோ அதுவரை போகலாம்.

தடைகளில் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது எளிய பகுதி. அமெரிக்க விதியில், தடை செய்யப்பட்ட ஒருவரோ பலரோ சேர்ந்து 50 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனமும், பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும், தடைக்குள் வரும். ஒருவருக்கு 30, இன்னொருவருக்கு 20 என்றால் கூட்டினால் 50. உரிமைச் சங்கிலியை நான்கு நாட்டுப் பதிவகங்களில் தோண்டித்தான் விடை சொல்ல முடியும். லஞ்சத் தடுப்பு விசாரணைகளும் இதே கூட்டத்தில் சேரும்: அமெரிக்காவின் 1977 சட்டம், பிரிட்டனின் 2010 சட்டம் இரண்டும் தங்கள் எல்லைக்கு வெளியிலும் கை நீட்டக்கூடியவை.

ஒரு நாட்டில் படித்துவிட்டு இன்னொரு நாட்டில் தகுதி பெற முடியுமா?

முடியும். அதிகம் தேர்ந்தெடுக்கப்படும் இரண்டு வழிகள் இங்கிலாந்தும் நியூயார்க்கும். உலக வணிக ஒப்பந்தங்களில் பெரும்பங்கு இந்த இரண்டில் ஒரு சட்டத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் காரணம்.

இங்கிலாந்து, வேல்ஸில் 2021 செப்டம்பர் முதல் எஸ்க்யூஇ எனப்படும் சொலிசிட்டர் தகுதித் தேர்வு. முதல் பகுதியில் இரண்டு தாள்கள், தாளுக்கு 180 கேள்விகள், எல்லாம் விடையைத் தெரிவு செய்யும் வகை. இரண்டாம் பகுதியில் 16 பணிகள்: எழுத்தில் 12, வாய்மொழியில் 4. அதோடு இரண்டு ஆண்டு தகுதிப் பணி அனுபவம். அதை நான்கு இடங்கள் வரை பிரித்துப் பெறலாம். ஏற்கனவே வேறு நாட்டில் வழக்கறிஞராக இருப்பவருக்கு இந்தப் பணி அனுபவ நிபந்தனை இல்லை. சிலருக்கு இரண்டாம் பகுதியிலிருந்தும் விலக்கு கிடைக்கும்.

நியூயார்க்கில் பார் தேர்வு ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஜூலையிலும். தேர்ச்சி 400-க்கு 266. தொழில் நெறித் தேர்வில் 85, ஊதியமில்லாச் சட்ட சேவை 50 மணி நேரம், நியூயார்க் சட்டப் பாடமும் தேர்வும். வெளிநாட்டுப் பட்டத்தில் கால அளவு குறைந்தாலோ, படிப்பு இங்கிலாந்து வழிவந்த பொதுச் சட்ட மரபில் இல்லாவிட்டாலோ, அந்தக் குறைகளில் ஒன்றை மட்டும் 24 கிரெடிட் கொண்ட எல்எல்எம் என்ற சட்ட முதுநிலைப் படிப்பால் நிரப்பலாம். இரண்டு குறையும் இருந்தால் எல்எல்எம் காப்பாற்றாது. பணம் கட்டிச் சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொள்பவர்கள் பலர். பட்ட மதிப்பீட்டுக்கான விண்ணப்பத்தை முதலில் போடுங்கள், கல்லூரி பிறகு. கல்லூரி நேரடியாகத் தேர்வு வாரியத்துக்கு அனுப்ப வேண்டிய மதிப்பெண் பட்டியலுக்கு மாதங்கள் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பதவிப் படிகள் என்ன?

இங்கிலாந்து முறையில் இரண்டு வருடப் பயிற்சி, வழக்கமாக ஆறு மாதம் வீதம் நான்கு பிரிவுகளில். அமெரிக்காவில் இரண்டாம் ஆண்டுச் சட்டப் படிப்பு முடிந்த கோடையில் தற்காலிக அசோசியேட் (அசோசியேட் என்றால் பார்ட்னர் ஆகாத, சம்பளம் வாங்கும் வழக்கறிஞர்), அங்கிருந்தே வேலை. பிறகு அசோசியேட், சீனியர் அசோசியேட், கவுன்சல், சம்பளப் பார்ட்னர், லாபப் பங்கு உள்ள பார்ட்னர். கல்லூரியிலிருந்து நேராக ஆளெடுத்து, பயிற்சி கொடுத்து, ஆண்டு வரிசைப்படி சம்பளம் உயர்த்தி, மேலே போகாதவரை வெளியேறச் சொல்லும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கின் பால் க்ராவத் வகுத்தார். இன்றும் பெரிய நிறுவனங்களின் எலும்புக்கூடு அதுதான். ‘கவுன்சல்’ பதவிக்கு மட்டும் ஒரே பொருள் கிடையாது: சில இடங்களில் பார்ட்னருக்கு முந்தைய படி, சில இடங்களில் அங்கேயே நிற்கும் மரியாதையான இடம். எது என்று கேட்டுவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

பில் செய்யும் மணி நேரம் என்கிறார்களே?

ஒரு மணி நேரத்தைப் பத்து அலகாகப் பிரிக்கிறார்கள். அலகுக்கு ஆறு நிமிடம். ஒவ்வொரு அலகும் ஒரு கிளையண்ட் கணக்கில் விழ வேண்டும். ஆண்டு இலக்கு 1,900 என்றால், 48 வேலை வாரங்களுக்கு வாரம் ஏறத்தாழ 40 பில் மணி. உட்கூட்டம், பயிற்சி, விண்ணப்ப நேர்காணல், சாப்பாடு எதுவும் இதில் சேராது. ஆகவே அலுவலகத்தில் இருப்பது ஐம்பது அறுபது மணி.

குறிப்பை அன்றன்றே எழுதுங்கள். வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுபவர் நேரத்தை இழப்பார், அல்லது ஊகித்து எழுதுவார், இரண்டாவது நெறிமீறல். ‘ஆவணங்கள் பார்த்தது, 6.4’ என்று எழுதினால் கிளையண்ட் வெட்டிவிடுவார். எந்த ஆவணம், எதற்காக, அதன் விளைவாக என்ன அனுப்பினீர்கள் என்று மூன்றாகப் பிரித்தால் பில் நிற்கும். ஒரு வேலைக்கு அதிக நேரம் பிடித்துவிட்டால் நீங்களே குறைத்து எழுதாதீர்கள். குறைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது பார்ட்னர்; உண்மை நேரம் தெரியாவிட்டால் அடுத்த டீலுக்கும் அவர் தவறான கட்டணமே சொல்வார்.

புதிய கிளையண்ட் வந்தால் உடனே வேலை தொடங்கலாமா?

கூடாது. முதலில் நலமுரண் சோதனை. எதிர்த்தரப்பு, அதன் தாய் நிறுவனம், துணை நிறுவனங்கள், கடன் கொடுப்பவர்கள் எல்லாப் பெயரையும் உலகக் கிளைகள் அனைத்திலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கோ ஒரு கிளை அதே எதிர்த்தரப்புக்குச் சிறு குத்தகை வேலை செய்துகொண்டிருந்தால், பெரிய டீல் கைநழுவிப் போகலாம். சில நாடுகளில் இரு தரப்பின் ஒப்புதலோடு தகவல் தடுப்பு அமைத்துத் தொடரலாம், சிலவற்றில் முடியாது. சோதனை முடியும் வரை எதிர்த்தரப்பின் ரகசியத் தகவல் எதையும் காதில் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

பார்ட்னர் ஆக எது தேவை? நல்ல வழக்கறிஞராக இருந்தால் போதாதா?

போதாது, அதை ஏழாம் எட்டாம் ஆண்டில்தான் வெளிப்படையாகச் சொல்வார்கள். தேர்வுக் குழு கேட்பது ‘பிசினஸ் கேஸ்’: நீங்கள் பார்ட்னரானால் எந்தக் கிளையண்ட் எவ்வளவு வேலை தருவார், அது ஏற்கனவே வேறொரு பார்ட்னர் கொண்டுவரும் வேலையா, உங்கள் பிரிவில் இன்னொரு பார்ட்னருக்கு இடம் இருக்கிறதா. இரண்டு வருட எண்களோடு பத்துப் பக்கம் எழுத வேண்டியிருக்கும். பெரிய பார்ட்னரின் நிழலில் அருமையாக வேலை செய்தவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கிளையண்டின் தொலைபேசி அழைப்பு யாருக்கு வருகிறது என்பதே கேள்வி.

லாபப் பங்கு உள்ள பார்ட்னர் மூலதனம் போட வேண்டும். பலர் வங்கிக் கடன் எடுத்தே போடுகிறார்கள். ஊழியர் என்ற பாதுகாப்பு போய், லாப நஷ்டம் உங்களுடையது. லாபம் பிரிக்கும் முறையையும் கேளுங்கள். லாக்ஸ்டெப் என்றால் ஆண்டு ஏற ஏறப் பங்கு தானாக உயரும். வேலையைப் பகிர்ந்துகொள்ளும் மனம் இருக்கும். அவரவர் கொண்டுவந்ததற்கு அவரவர் பங்கு என்ற முறையில் சம்பாதிப்பவர் நிறையச் சம்பாதிப்பார், ஆனால் கிளையண்டைப் பக்கத்து அறைக்கு அறிமுகம் செய்யவே யோசிப்பார்.

பார்ட்னர் பாதை வேண்டாம் என்றால்?

வழிகள் நிறைய. மாதிரி ஆவணங்களும் சட்ட மாற்றக் குறிப்புகளும் தயாரிக்கும் அறிவு வழக்கறிஞர் பதவி எழுத்தில் ஆர்வமுள்ளவர்களுக்குப் பொருந்தும், நேரமும் ஒழுங்கானது. கிளையண்ட் நிறுவனத்துக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ அனுப்பப்படும் செகண்ட்மென்ட் கிடைத்தால் மறுக்காதீர்கள். நீங்கள் எழுதும் முப்பது பக்கக் கருத்துரையில் வியாபாரி படிப்பது முதல் அரைப்பக்கம் மட்டும்தான் என்பது அங்கே உறைக்கும். பலர் அப்படியே உள்வழக்கறிஞராகத் தங்கிவிடுகிறார்கள்.

மாறும்போது ஒரு சட்ட வேறுபாட்டை நினைவில் வையுங்கள். ஐரோப்பிய ஆணையத்தின் போட்டிச் சட்ட விசாரணையில் நிறுவனத்தின் சொந்த வழக்கறிஞரோடு நடந்த கடிதப் போக்குவரத்துக்கு வழக்கறிஞர் ரகசியப் பாதுகாப்பு இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010-ல் அக்ஸோ நோபல் வழக்கில் உறுதிப்படுத்தியது. நேற்றுவரை பாதுகாப்பாக எழுதிய அதே மின்னஞ்சல், இன்று உள்வழக்கறிஞராக எழுதினால் ஆணையத்தின் கைக்குப் போகலாம்.

செயற்கை நுண்ணறிவு இளையவர் வேலையைத் தின்றுவிடுமா?

டேட்டா ரூமில் ஷரத்து தேடுவது, முதல் வரைவு, மொழிபெயர்ப்பு ஆகியவற்றின் பெரும்பகுதி ஏற்கனவே கருவிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பொறுப்பு மட்டும் போகவில்லை. 2023-ல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், கருவி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனுத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கருவியைப் பயன்படுத்தியதற்காக அல்ல, சரிபார்க்காததற்கும், கேள்வி எழுந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டதற்கும். மேற்கோள் காட்டும் ஒவ்வொரு தீர்ப்பையும் மூலத்தில் திறந்து படியுங்கள். கிளையண்ட் ஆவணத்தை நிறுவனம் அனுமதிக்காத கருவியில் ஏற்றாதீர்கள்.

எந்தப் பிரிவு எனக்குப் பொருந்தும் என்று எப்படி அறிவது?

அந்தப் பிரிவில் மூன்றாம் ஆண்டு அசோசியேட் ஒருவரிடம் போன வாரம் செவ்வாய்க்கிழமை என்ன செய்தார் என்று கேளுங்கள். ‘சுவாரசியமான எல்லை தாண்டிய வேலை’ என்று சொன்னால் விடாமல் இன்னொரு முறை கேளுங்கள். டீல் பிரிவுகளில் மூன்று வாரம் சும்மா, பிறகு பத்து இரவு தூக்கமில்லை. கெடுவை மறுதரப்பும் வங்கியும் வைக்கிறார்கள். ஆர்பிட்ரேஷனில் கெடு ஆறு மாதம் முன்பே தெரியும், ஆனால் ஒரே வழக்கோடு மூன்று வருடம் குடித்தனம் நடத்த வேண்டும். வரி, போட்டிச் சட்டம் போன்றவற்றில் சிறுசிறு கேள்விகள் நாளுக்கு எட்டுப் பத்து வரும், படிப்பு ஓயாது.

தேர்ந்தெடுத்த பிரிவை மாற்ற முடியுமா?

மூன்றாம் ஆண்டு வரை பெரிய இழப்பில்லாமல் முடியும். அதற்குப் பிறகு மாறினால் அனுபவக் கணக்கில் ஒன்றிரண்டு ஆண்டுகளை விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள், சம்பளமும் அதற்கேற்பக் குறையும். அருகருகே உள்ள பிரிவுகளுக்கு நடுவே, அதாவது வங்கியிலிருந்து நொடிப்புச் சட்டத்துக்கோ, நிறுவன விற்பனையிலிருந்து மூலதனச் சந்தைக்கோ, ஆறாம் ஆண்டில்கூடத் தாண்டியவர்கள் உண்டு. டீல் பிரிவிலிருந்து ஆர்பிட்ரேஷனுக்குப் போவதுதான் கடினம். கேட்பதாக இருந்தால் ஆண்டு மதிப்பீட்டுக்குக் காத்திராமல், போக விரும்பும் பிரிவுக்கு ஆள் தேவைப்படும் மாதத்தில் கேளுங்கள்.